"யூரின் போச்சாம்மா?" - நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி... பிறந்த உயிர்களின் கிட்னி எப்போது வேலைக்குத் தயாராகிறது?

போன ஐப்பசி மழையில், எங்கள் அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு தெருநாய் மூன்று குட்டிகள் போட்டது. நான்காவது நாள் தாயை வண்டி அடித்துவிட்டது. செக்யூரிட்டி அண்ணன் குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டு, பழைய வேட்டியைச் சுற்றி வைத்திருந்தார். கண்ணே திறக்காத குட்டிகள். நான், கீழ்வீட்டு அக்கா, அவர் பையன் என மூன்று பேரும் முறை வைத்துப் பால் கொடுத்தோம்.

"பச்சைக் குட்டிங்க... கெட்டிப் பால் செரிக்காதுப்பா" என்று அக்கா சொல்ல, பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் கொடுத்தோம். குடித்தன, தூங்கின. வயிறு உப்பலாக இருந்தது. நன்றாகக் குடித்திருக்கிறது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம்.

இரண்டாம் நாள் இரவு ஒரு குட்டி விடாமல் முனகிக்கொண்டே இருந்தது. விடிந்தபோது அதற்கு அசைவில்லை. மிச்சம் இரண்டையும் துண்டில் சுற்றி ஆட்டோவில் கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். ஊசி போடுவார், மருந்து எழுதுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "யூரின் போச்சாம்மா?"

எனக்குத் தெரியவில்லை. பெட்டியில் விரித்த துணி ஈரமாக இருந்த ஞாபகமே இல்லை. அவர் பஞ்சை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, குட்டியின் அடிவயிற்றுக்குக் கீழே மெதுவாகத் தடவினார். உள்ளங்கையில் அடங்குகிற அந்த உயிரிலிருந்து சிறுநீர் வந்தது. நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. வயிற்றின் உப்பல் கண்முன்னே குறைந்தது. இரண்டு நாளாக அது நிறைந்துபோய்க் கிடந்திருக்கிறது. பிறந்த குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது என்பது, எங்கள் மூன்று பேரில் ஒருவருக்குக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

இறந்த குட்டிக்கு என்ன ஆனது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனால், அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. நாம் பிறக்கும்போதே எல்லாம் தயாராகத்தான் பிறக்கிறோமா? இதயம் துடிக்கிறது, நுரையீரல் மூச்சு விடுகிறது. கிட்னி?

தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவை நாய்க்குட்டி வளர்ப்பவர்களுக்கு மட்டுமல்ல, வீட்டில் கைக்குழந்தை இருக்கும் ஒவ்வொருவருக்கும் உதவும்.

வயிற்றுக்குள் இருக்கும்போது யார் சுத்தம் செய்கிறார்கள்?

சிறுநீரகத்தின் வேலை நமக்குத் தெரியும். ரத்தத்தில் சேரும் கழிவுகளை வடிகட்டி, தேவையான தண்ணீரையும் உப்பையும் திருப்பி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சிறுநீராக வெளியேற்றும். பெரியவர்களுக்கு இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது.

கருவில் இருக்கும் குழந்தைக்கோ குட்டிக்கோ நிலைமை வேறு. அங்கே கழிவு நீக்கும் வேலையைச் செய்வது நஞ்சுக்கொடி. குழந்தையின் ரத்தத்தில் சேரும் யூரியா, நஞ்சுக்கொடி வழியாக அம்மாவின் ரத்தத்துக்குப் போய், அம்மாவின் சிறுநீரகம் வழியே வெளியேறிவிடும். ஓர் உடலின் குப்பையை இன்னோர் உடல் கொட்டிவிட்டு வருகிறது. அதனால் கருவின் சிறுநீரகத்துக்கு, இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் மிகச் சிறிய பங்குதான் போகும்.

அப்படியென்றால் கருவின் சிறுநீரகம் சும்மா இருக்கிறதா? அதுதான் இல்லை. மனிதக் கருவில் மூன்றாம் மாதத்திலேயே சிறுநீர் உருவாகத் தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குடநீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அதைக் குழந்தை விழுங்கும், மறுபடி சிறுநீராக வெளியேற்றும். குழந்தை கைகால் அசைக்கவும், நுரையீரல் விரிந்து வளரவும் இந்த நீர் வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களும் உருவாகாத குழந்தைகள் சிலர் பிறப்பதுண்டு. அமெரிக்க நோய்க்குறியியல் மருத்துவர் ஈடித் பாட்டர் 1946-ல் இப்படிப்பட்ட குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் பிறந்ததும் இறந்துபோவது கழிவு சேர்ந்து அல்ல, நுரையீரல் வளராததால். சிறுநீர் இல்லாததால் பனிக்குடநீர் இல்லை, அது இல்லாததால் நுரையீரல் இல்லை.

மூன்று முறை கட்டப்படும் வீடு

சிறுநீரகம் உருவாகும் விதமே விசித்திரமானது. பாலூட்டிகளின் கருவில் அது மூன்று முறை கட்டப்படுகிறது. முதலாவது, கழுத்துப் பகுதியில் தோன்றி, கிட்டத்தட்ட எந்த வேலையும் செய்யாமலே மறைந்துவிடும். தலைப்பிரட்டைகளுக்கு இதுபோன்ற ஒன்றுதான் சிறுநீரகம். இரண்டாவது, அதற்குக் கீழே தோன்றி, கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டு விடைபெறும். வளர்ந்த மீன்களும் தவளைகளும் வாழ்நாள் முழுக்க இந்த ரகத்தை வைத்துத்தான் காலம் தள்ளுகின்றன. மூன்றாவதாக, இன்னும் கீழே உருவாவதுதான் நம் நிரந்தரச் சிறுநீரகம்.

இந்த மூன்றாவது வீட்டின் செங்கல்லுக்குப் பெயர் நெஃப்ரான். ஒவ்வொரு நெஃப்ரானும் ஒரு குட்டி வடிகட்டி. மனிதர்களின் ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகச் சுமார் 10 லட்சம் இருக்கும். ஆளுக்கு ஆள் இந்த எண்ணிக்கை மிகவும் மாறுபடும், 2 லட்சத்திலிருந்து 20 லட்சத்துக்கு மேல்வரை எண்ணியிருக்கிறார்கள். பூனைக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 2 லட்சம், நாய்க்கு 4 லட்சம், மாட்டுக்கு 40 லட்சம்.

முக்கியமான விஷயம், இந்த நெஃப்ரான்கள் உருவாவதற்கு ஒரு கெடு உண்டு. கெடு முடிந்தால் கடை மூடிவிடும். அதற்குப் பிறகு புதிதாக ஒரு நெஃப்ரான்கூட உருவாகாது. எலும்பு முறிந்தால் கூடும், கல்லீரலை வெட்டினால் வளரும். நெஃப்ரான் போனால் போனதுதான். இருப்பவை கொஞ்சம் பெரிதாகி, போனதன் வேலையையும் சேர்த்துச் செய்யும். அவ்வளவே.

ஒவ்வோர் உயிருக்கும் ஒரு கெடு

அந்தக் கெடு எப்போது? இங்கேதான் விலங்குகள் ஆளுக்கொரு வழியில் போகின்றன.

பிறந்த சிறிது நேரத்தில் எழுந்து நின்று தாயின் பின்னால் ஓட வேண்டிய உயிர்கள், நெஃப்ரான் கட்டும் வேலையைக் கருவிலேயே முடித்துவிடுகின்றன. ஆட்டுக்குட்டி அப்படித்தான். ரோமத்தோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும் கினிப் பன்றியும் அப்படித்தான்.

கண் திறக்காமல், ஓரிடத்தில் சுருண்டு கிடக்கும் நிலையில் பிறக்கும் உயிர்கள் வேலையைப் பாதியில் வைத்துக்கொண்டே வெளியே வந்துவிடுகின்றன. எலிக்குட்டி பிறக்கும்போது அதன் நெஃப்ரான்களில் ஒரு சிறு பகுதிதான் உருவாகியிருக்கும். மீதி, பிறந்த பிறகு ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் உருவாகிறது. நாய்க்குட்டிக்குச் சுமார் இரண்டு வாரம், பன்றிக்குட்டிக்குச் சுமார் மூன்று வாரம். எங்கள் அட்டைப்பெட்டியில் கிடந்த குட்டிகளுக்குள் கட்டட வேலை அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

இதில் உச்சம் கங்காரு. செங்கங்காரு வெறும் 33 நாளில் குட்டி போட்டுவிடும். குட்டியின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. ஓர் அவரைக்கொட்டை அளவுதான். அந்தக் குட்டி தாயின் பைக்குள் ஏறி, காம்பைப் பிடித்துக்கொள்ளும்போது அதற்கு நிரந்தரச் சிறுநீரகம் தயாராக இருக்காது. நமக்குக் கருவிலேயே மறைந்துபோகும் அந்த இரண்டாவது சிறுநீரகத்தை வைத்துக்கொண்டுதான் முதல் நாள்களைத் தள்ளும். உண்மையான சிறுநீரகம் பைக்குள் வைத்துத்தான் கட்டப்படுகிறது.

மனிதக் குழந்தை? கர்ப்பத்தின் 36-வது வாரவாக்கில் நெஃப்ரான் உருவாக்கம் முடிந்துவிடும். அதில் பாதிக்கு மேல் உருவாவது கடைசி மூன்று மாதங்களில்தான். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு வெளியே வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்த வேலை தொடரும், ஆனால் சில வாரங்கள்தான். குறைமாதக் குழந்தைகளின் சிறுநீரகத்தை டாக்டர்கள் தனிக் கவனத்தோடு பார்ப்பது இதனால்தான்.

தொப்புள்கொடி அறுந்த நொடியில்...

நெஃப்ரான்கள் எண்ணிக்கையில் தயாராக இருந்தாலும், அவை வேலை பழக நாளாகும். புதிதாகத் திறந்த ஆபீஸில் நாற்காலி எல்லாம் இருக்கிறது, ஆட்கள் இப்போதுதான் வேலை கற்கிறார்கள் என்பதுபோல.

தொப்புள்கொடி அறுந்ததும் நஞ்சுக்கொடியின் உதவி நின்றுவிடுகிறது. சிறுநீரகத்தின் ரத்தக்குழாய்கள் மெல்ல விரிந்து, ரத்த ஓட்டம் அதிகரிக்கத் தொடங்கும். நிறைமாதக் குழந்தையின் சிறுநீரகம் வடிகட்டும் வேகம், உடல் அளவுக்கு ஏற்பக் கணக்கிட்டாலும், பெரியவர்களுடையதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். இரண்டு வாரத்தில் இது இரண்டு மடங்காகும். பெரியவர்களின் அளவை எட்ட ஒன்று முதல் இரண்டு வயது ஆகிவிடும்.

பிறந்த அன்றே குழந்தையின் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம். அது பெரும்பாலும் குழந்தையுடையதே அல்ல, நஞ்சுக்கொடி வழியாக வந்த அம்மாவின் கிரியாட்டினின். அடுத்தடுத்த நாள்களில் குழந்தையின் சிறுநீரகம் அதை மெதுவாக வெளியேற்றும்.

அடுத்த சிக்கல் தண்ணீர். வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் நமக்குச் சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகும். உடம்பு தண்ணீரைச் சிக்கனம் பிடிக்கிறது என்று அர்த்தம். பிறந்த உயிர்களுக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. மனிதக் குழந்தை அதிகபட்சமாகச் சிறுநீரை அடர்த்தியாக்கக்கூடிய அளவு, பெரியவர்களால் முடிவதில் பாதிதான்.

இதற்கு மூன்று காரணங்கள். நெஃப்ரானில் 'ஹென்லே வளைவு' என்று ஒரு பகுதி உண்டு. தண்ணீரைத் திருப்பி எடுப்பதற்கான ஏற்பாட்டை அதுதான் செய்கிறது. பிறந்த உயிர்களுக்கு இந்த வளைவு குட்டையாக இருக்கும். இரண்டாவது, 'தண்ணீரைச் சேமி' என்று மூளை அனுப்பும் வாசோபிரசின் ஹார்மோனுக்குச் சிறுநீரகம் சரியாகப் பதில் சொல்லாது. மூன்றாவது, தண்ணீரை இழுத்துப் பிடிக்கச் சிறுநீரகத்தின் உட்பகுதியில் யூரியா சேர்ந்திருக்க வேண்டும். பிறந்த குட்டியின் உடலில் யூரியாவே குறைவு. ஏன் குறைவு என்பதுதான் இந்தக் கதையின் அழகான பகுதி. அதற்குப் பிறகு வருவோம்.

நக்கிக் கொடுக்கும் தாய்

நாய், பூனை, எலி... இவற்றின் குட்டிகளுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்தால் தானாகத் திறக்காது. தாய், குட்டியின் அடிப்பகுதியை நாக்கால் தடவினால்தான் திறக்கும். நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் ஏறக்குறைய மூன்று வாரம்வரை இப்படித்தான்.

இயற்கை ஏன் இப்படியொரு சிக்கலான ஏற்பாட்டைச் செய்தது? குட்டிகள் கண்டபடி ஈரம் செய்தால் படுக்கை குளிர்ந்துவிடும். வாசனை பிடித்து வேட்டை விலங்கு வந்துவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. தாய் அந்தச் சிறுநீரைக் குடித்துவிடுகிறது. கேட்க நமக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம். ஆனால், பால் சுரக்கும் தாய்க்குத் தண்ணீர் தேவை மிக அதிகம். குட்டியின் நீர்த்த சிறுநீர், கிட்டத்தட்ட தண்ணீர்தான். 1970-களில் விலங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், பாலாகக் கொடுத்த தண்ணீரில் கணிசமான பங்கைத் தாய் இப்படித் திரும்பப் பெறுவது தெரியவந்தது. தண்ணீர் தாயிடமிருந்து குட்டிக்கும், குட்டியிடமிருந்து தாய்க்குமாகச் சுற்றுகிறது.

ஆக, குட்டியின் சிறுநீரகம் பலவீனமானது என்று சொல்வது முழு உண்மையல்ல. தாய், பால், குட்டி மூன்றும் சேர்ந்த ஓர் ஏற்பாட்டுக்கு அது சரியாகவே பொருந்துகிறது. எலிக்குட்டியின் சிறுநீரகம் தண்ணீரை நன்றாகச் சேமிக்கப் பழகுவது மூன்றாவது வாரவாக்கில். எலிக்குட்டி பால் மறக்கும் வயதும் அதுதான். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரம். அங்கேயும் பால் மறக்கும் வயது அதேதான். தாய்ப்பால் நிற்கும் நேரமும் கிட்னி தயாராகும் நேரமும் கைகோத்தபடி வருகின்றன. ஆபத்து வருவது, இந்த மூவரில் தாய் இல்லாமல் போகும்போது.

கன்றுக்குட்டி மட்டும் சமர்த்து

வீட்டில் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கன்றுக்குட்டியின் சிறுநீரகம் ஒப்பீட்டளவில் முதிர்ந்தே பிறக்கிறது. சில நாள்களிலேயே பெரிய மாட்டின் திறனை நெருங்கிவிடும்.

கன்று பிறந்த முதல் ஓரிரு நாளில் அதன் சிறுநீரைச் சோதித்தால் புரதம் போவதாகக் காட்டும். பயப்பட வேண்டியதில்லை. சீம்பால் குடித்ததும் கன்றின் குடல் அதிலிருக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்களைச் செரிக்காமல் அப்படியே ரத்தத்துக்குள் விடும். இந்தக் கதவு பிறந்த முதல் நாள் மட்டும்தான் திறந்திருக்கும். அந்தப் புரதங்களோடு சின்னச் சின்னப் பால் புரதங்களும் உள்ளே வந்துவிடும். அந்தச் சின்னவை சிறுநீரக வடிகட்டியில் நழுவி வெளியேறுகின்றன. கன்று சீம்பாலை நன்றாகக் குடித்திருக்கிறது என்பதற்கு அதுவே ஓர் அடையாளம்.

குதிரைக்குட்டி தினமும் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பால் குடிக்கும். அதனால் அதன் சிறுநீர் தண்ணீர் மாதிரியே இருக்கும். அதுவும் நோயல்ல, குடிக்கும் பாலின் அளவு அப்படி.

ஆனால், சமர்த்தான கன்றுக்கும் ஓர் எல்லை உண்டு. கழிச்சல் கண்டால் தண்ணீரும் உப்பும் வேகமாக வெளியேறும். ரத்த ஓட்டம் குறைந்தால் எவ்வளவு நல்ல சிறுநீரகமும் வடிகட்ட முடியாமல் நின்றுவிடும். கண் குழிவிழுந்து, கன்று எழ முடியாமல் கிடந்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

வளர்ச்சி என்னும் மூன்றாவது கிட்னி

இப்போது அந்த யூரியா கேள்விக்கு வருவோம். பிறந்த உயிர்களின் வடிகட்டும் வேகம் குறைவு. ஆனால், ஆரோக்கியமான குட்டியின் ரத்தத்தில் யூரியா ஏறுவதில்லை. எப்படி?

இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டவர்கள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் வேலை பார்த்த ராபர்ட் மெக்கன்ஸ், எல்ஸி விட்டோசன் இருவரும். உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று 1940-ல் புகழ்பெற்ற பட்டியல் நூலை வெளியிட்டவர்கள் இவர்கள்தான். தங்கள் உடம்பிலேயே சோதனை செய்து பார்க்கத் தயங்காத ஜோடி.

1950-களில் இவர்கள் பிறந்த பன்றிக்குட்டிகளை ஆராய்ந்தார்கள். சில குட்டிகள் தாயிடம் பால் குடித்தன. சிலவற்றுக்குத் தண்ணீர் மட்டும் கிடைத்தது. புரதம் குடித்த குட்டிக்குத்தான் கழிவு அதிகம் சேர வேண்டும் என்று தோன்றும், இல்லையா? நடந்தது தலைகீழ். பால் குடித்து மளமளவென்று வளர்ந்த குட்டிகளின் ரத்தத்தில் யூரியா குறைவாகவே இருந்தது. பட்டினி கிடந்த குட்டிகளுக்குத்தான் ஏறியது.

காரணம் எளிமையானது. வளரும் குட்டி, குடித்த புரதத்தைத் தசையாகவும் எலும்பாகவும் தோலாகவும் மாற்றிக்கொள்கிறது. கழிவாக மாற மிச்சம் இல்லை. சிறுநீரகத்துக்கு வேலையே குறைவு. பட்டினி கிடக்கும் குட்டி உயிர் பிழைக்கத் தன் சதையையே கரைக்கிறது. அந்தக் கரைசலின் கழிவு முழுவதும் இன்னும் வேலை பழகாத சிறுநீரகத்தின் தலையில் விழுகிறது. வளர்ச்சியே பிறந்த உயிரின் மூன்றாவது கிட்னி என்று இதைச் சொல்லலாம்.

இதைப் படித்தபோதுதான் எங்கள் இங்க் ஃபில்லர் ஞாபகத்துக்கு வந்தது. நாய்ப்பாலில் இருக்கும் புரதம் பசும்பாலைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். சக்தியும் அதிகம். நாங்கள் கொடுத்ததோ, பசும்பாலிலும் பாதி. வயிறு நிறைந்தது, வளர்ச்சிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நல்லது என்று நினைத்து, குட்டிகளின் மூன்றாவது கிட்னியை நாங்களே நிறுத்தியிருக்கிறோம்.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு...

அதிகமானாலும் ஆபத்துதான். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம் புரதம். பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். உப்பும் தாய்ப்பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கன்றுக்குட்டி சில வாரங்களிலேயே எடையை இரட்டிப்பாக்கும், அதற்கு அது தேவை. மனிதக் குழந்தை எடையை இரட்டிப்பாக்க நான்கைந்து மாதம் ஆகும். வளர்ச்சிக்குப் போக மிஞ்சும் புரதமும் உப்பும் குழந்தையின் சிறுநீரகத்துக்குச் சுமை. ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய உணவாகக் கொடுக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதற்கு, ரத்தசோகை பயத்தோடு இதுவும் ஒரு காரணம்.

பால் பவுடரைக் கெட்டியாகக் கரைப்பதும் இதே தவறு. 1960, 70-களில் பிரிட்டனில் பவுடர் பாலைக் கூடுதலாகப் போட்டுக் கரைத்துக் கொடுத்ததால், ரத்தத்தில் சோடியம் ஏறிப் பல குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே பால் பவுடர்களின் கலவையையே மாற்றினார்கள். டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு ஒரு ஸ்பூன் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

"வெயில் காலம், தொண்டை காஞ்சிருக்கும், ரெண்டு ஸ்பூன் தண்ணி குடும்மா" என்று சொல்லாத பாட்டி உண்டா? தாய்ப்பாலில் சுமார் 87 சதவிகிதம் தண்ணீர்தான். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியா உள்ளிட்ட வெப்பப் பகுதிகளில் நடந்த ஆய்வுகளிலும், தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குத் தனியாகத் தண்ணீர் தேவைப்படவில்லை. தண்ணீர் கொடுத்தால் குழந்தை குடிக்கும் பால்தான் குறையும்.

பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை முதல் 24 மணி நேரத்துக்குள் சிறுநீர் கழித்துவிடும். 48 மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். முதல் வாரத்தின் கடைசியிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறையாவது துணி நனைந்தால், பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று நம்பலாம்.

மருந்து விஷயத்தில் விளையாட வேண்டாம்

பல மருந்துகள் உடலிலிருந்து வெளியேறுவது சிறுநீரகம் வழியாகத்தான். வடிகட்டும் வேகம் குறைவு என்றால் மருந்து உடம்பிலேயே தங்கும். பெரியவர்களின் மருந்தை எடைக்கு ஏற்பக் குறைத்துக் கொடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. குறைமாதக் குழந்தைகளுக்கு ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்கை 36 அல்லது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை என இடைவெளி விட்டுக் கொடுப்பார்கள். வயது, எடை, எந்த மாதத்தில் பிறந்தது எல்லாம் பார்த்துப் போடும் கணக்கு அது.

வலி மாத்திரைகள் இன்னொரு வகையில் ஆபத்து. பிறந்த உயிரின் சிறுநீரகத்துக்கு ரத்தம் பாயவும், நெஃப்ரான்கள் ஒழுங்காக முதிரவும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். பல வலி மாத்திரைகள் வேலை செய்வதே அதைத் தடுத்துத்தான். கர்ப்பத்தின் 20-வது வாரத்துக்குப் பிறகு இவ்வகை மாத்திரைகளைத் தவிர்க்கும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது. காரணம், கருவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குடநீர் குறைந்துவிடலாம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளையும் கர்ப்பிணிகளுக்கு டாக்டர்கள் மாற்றிக் கொடுப்பது இதேபோன்ற காரணத்தால்தான்.

தொடக்கத்தில் விட்டது, கடைசிவரை

1988-ல் பாரி பிரென்னர் என்ற அமெரிக்கச் சிறுநீரக மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். குறைவான நெஃப்ரான்களோடு பிறப்பவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு அதிகமோ என்பது அவர்கள் கேள்வி. கர்ப்பிணி எலிகளுக்குப் புரதம் குறைந்த உணவு கொடுத்துப் பார்த்தபோது, குட்டிகள் குறைவான நெஃப்ரான்களோடு பிறந்தன.

மனிதர்களில் இதைச் சோதித்தது, 2003-ல் வெளியான ஜெர்மன் ஆய்வு. விபத்தில் இறந்த 20 பேரின் சிறுநீரகங்களில் நெஃப்ரான்களை எண்ணினார்கள். ரத்தக்கொதிப்பு இருந்த 10 பேருக்கு ஒரு சிறுநீரகத்தில் சுமார் 7 லட்சம், இல்லாத 10 பேருக்குச் சுமார் 14 லட்சம். சிறிய ஆய்வுதான். ஆனால், கர்ப்பிணிக்குக் கிடைக்கும் ஒரு வாய் சாப்பாடு, ஐம்பது வருடம் கழித்து அந்தக் குழந்தையின் பி.பி மெஷினில் தெரியலாம் என்று அது யோசிக்கவைத்தது. எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறந்தவர் உங்கள் வீட்டில் இருந்தால், பயப்பட வேண்டாம். வளர்ந்த பிறகு ரத்த அழுத்தத்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது பிறந்த எடையையும் சொல்லுங்கள்.

தாயில்லாத குட்டி கையில் கிடைத்தால்...

* முதலில் சூடு, அப்புறம்தான் பால். குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. துணியில் சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துபோக இடம் வேண்டும்.

* ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும், வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெதுவாகத் தடவி, சிறுநீரும் மலமும் போகவிடுங்கள். மூன்று வாரம்வரை இதை விடாதீர்கள்.

* பசும்பாலில் தண்ணீர் கலக்காதீர்கள். நாய்க்குட்டி, பூனைக்குட்டிகளுக்கென்றே பால் பவுடர் கடைகளில் கிடைக்கிறது. டப்பாவில் சொன்ன அளவில் கரையுங்கள். கிடைக்காத இடத்தில், தற்காலிகமாக என்ன கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரைக் கேளுங்கள்.

* மனிதக் குழந்தையைப்போல மல்லாக்கப் படுக்கவைத்துக் கொடுக்காதீர்கள். குட்டி குப்புறப் படுத்த நிலையில் குடிக்க வேண்டும். இல்லையென்றால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

* சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். பிறந்த குட்டிக்கு அது நிறமே இல்லாமலோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

* தினமும் எடை பாருங்கள். சமையலறைத் தராசு போதும். எடை ஏறாத நாள், டாக்டரிடம் போக வேண்டிய நாள்.

* நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் பூனைகளுக்கு உயிரையே பறிக்கும்.

* தெருவில் கிடைத்த குட்டியைத் தொட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் பெட்டியில் மிஞ்சிய இரண்டு குட்டிகளுக்கும் அன்றிலிருந்து முறை போட்டுப் பஞ்சு வைத்தோம். இரவு இரண்டு மணி முறை செக்யூரிட்டி அண்ணனுடையது. ஒரு நோட்டில் தேதி, எடை, 'போச்சு' என்று எழுதிவைப்பார். கண் திறந்தது, தள்ளாடி நடந்தன.

மூன்று வாரம் தாண்டிய ஒரு காலையில், பஞ்சு எடுக்க நான் திரும்பியபோது, குட்டிகளில் ஒன்று பெட்டியைவிட்டு இறங்கிப்போய், பார்க்கிங் தூணோரம் நின்று தானாகவே சிறுநீர் கழித்தது. அண்ணன் சத்தம் போட்டு எல்லோரையும் கூப்பிட்டார். பல் தேய்த்துக்கொண்டே கீழ்வீட்டு அக்கா ஓடிவந்தார். பார்க்கிங் தரையைக் கழுவ வேண்டியது யார் என்று அன்றைக்கு ஒருவரும் சண்டை போடவில்லை.